மெயின் லைனுக்கு இந்தப் பக்கம்

எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டுப் பாசஞ்சர் ஒதுங்கி நிற்கிறது. பிளாட்பாரம் அந்தப் பக்கம். ஆனால் கோவில்பட்டியில் ஜவுளிக்கடை வேலை முடிந்து வருகிறவர்கள் தினமும் இந்தப் பக்கம்தான் குதிக்கிறார்கள். மெயின் லைனைத் தாண்டினால் பருத்திக்காட்டு வழியே சட்டென்று ஊர். “போடி, ஒண்ணும் வரல” என்று சொன்னது பௌசியாதான். சொன்னதை நம்பி அவளோடு வேலை பார்க்கும் இந்துஜா இறங்கி நடந்தாள். மத்தியான மழையில் குழைந்த கரிசல் செருப்பில் அப்பிக் கனத்து, தண்டவாளத்துக்கு நடுவே ஒன்று கழன்றது. எடுக்கக் குனிந்தாள். அப்போதுதான் ஹாரன் கேட்டது.

இப்போது எக்ஸ்பிரஸ் போய்க்கொண்டே இருக்கிறது. ஜன்னல் வெளிச்சம், பாசஞ்சர் வாசலிலேயே நிற்கும் பௌசியாவின் முகத்தில் அடித்து அடித்து ஓடுகிறது. பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே பருத்திச்செடிகள் தெரிந்து மறைகின்றன. இந்துஜாவின் மஞ்சள் சுடிதாரைக் காணோம். வாசல் கம்பியில் கை வியர்த்து வழுக்குகிறது. “யா அல்லா” என்று வாய் அசைகிறது. கடைசிப் பெட்டியும் போகிறது. தண்டவாளத்துக்கு நடுவே கரிசல் அப்பிய ஒற்றைச் செருப்பு அப்படியே கிடக்கிறது. அதற்கு அப்பால், சரிவிலிருந்து இந்துஜா மெல்ல எழுந்திருக்கிறாள். முழங்கையில் ரத்தம், ஒரு கால் வெறுங்கால். சிரிக்கப் பார்க்கிறாள், உதடு கோணுகிறது.

“வாடி” என்கிறாள். “ஒண்ணும் வரல.”

பௌசியா இரண்டு பக்கமும் பார்க்கிறாள். தண்டவாளம் வெறுமனே கிடக்கிறது. படியிலிருந்து கால் இறங்க மாட்டேன் என்கிறது. பாசஞ்சர் ஊதிவிட்டு நகர்கிறது. அவள் கம்பியை விடவில்லை. இந்துஜாவும் பருத்திக்காடும் ஊரும் பின்னால் போய்க்கொண்டிருக்கின்றன.