தோல்விச் சுற்றின் கடைசிக் கேள்வி

கேள்வி காதில் விழுந்ததும் மலாக்கியின் கையில் பேனா அப்படியே நின்றுவிட்டது.

அதுவரை ஏழாம் மேசை சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. ஐந்தாம் சுற்றுக்கு 'தோல்விகள்' என்று தலைப்பு வைத்திருந்தாள் ஈஃபா டீச்சர். முதல் பயணத்திலேயே, துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் மூழ்கிய சுவீடன் கப்பலை மலாக்கி சொன்னார். காற்றில் ஆடி ஆடியே இடிந்து விழுந்த அமெரிக்கப் பாலத்தைப் பக்கத்து வீட்டு கன்செப்டா சொன்னாள். அவள் கணவன் டோனல் கடலையை மட்டும் காலிசெய்துகொண்டிருந்தான்.

கால்பந்து மன்றத்தின் ஒழுகும் கூரைக்காகத்தான் இந்தப் பொது அறிவுப் போட்டி. மது விடுதியின் பின்கூடத்தில் ஊரே இருந்தது.

டீச்சர் டப்ளின்காரி. வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பழைய செய்தித்தாளைப் புரட்டி, உள்ளூர் விஷயமாகவும் ஒன்று இருக்கட்டுமே என்று சேர்த்திருக்கிறாள், பாவம்.

"கடைசிக் கேள்வி. எண்பத்து மூணாம் வருஷம் மாவட்ட இறுதியாட்டம். கடைசி நிமிஷத்துல பெனால்டிய வெளிய அடிச்சு, கைக்கு வந்த கோப்பைய கோட்டைவிட்ட நம்மூர்க்காரர் யாரு?"

மலாக்கி கெரட்டி. வேறு யார்?

எதிரணி கோல்கீப்பர் தப்பான பக்கம் பாய்ந்து தரையில் கிடந்தார். வலை முழுக்கத் திறந்து கிடந்தது. குழந்தை அடித்தாலும் உள்ளே போயிருக்கும். பந்து இடது கம்பத்துக்கு வெளியே போயிற்று.

அடுத்த மாதமே அவர் பாஸ்டனுக்கு விமானம் ஏறினார். நாற்பது வருஷம் அங்கே சுவர் பூசினார். மனைவி இறந்த பிறகு, இந்த வசந்தத்தில்தான் திரும்பி வந்து ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்தார்.

வரும்போதே தனக்குள் ஒன்று முடிவுசெய்திருந்தார். கடையிலோ சர்ச்சிலோ யாராவது ஒரே ஒருத்தர் அந்த ஆட்டத்தின் பேச்சை எடுத்தால் போதும், பெட்டியைக் கட்டிக்கொண்டு பாஸ்டனில் மகள் வீட்டுக்கே போய்விடுவது. அவளும் வா வா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

யாரும் எடுக்கவில்லை. வானிலையைப் பேசினார்கள், கன்றுக்குட்டி விலையைப் பேசினார்கள். மறந்துவிட்டார்கள் என்று அவர் நம்பினார். நிம்மதியாகத் தூங்கக்கூட ஆரம்பித்திருந்தார்.

இப்போது கூடத்தில் எல்லோரும் தாளைப் பார்த்துக் குனிந்திருந்தார்கள். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. அதுதான் அவரை இன்னும் உறுத்தியது.

தான் அப்போது டப்ளினில் நர்ஸ் படிப்பில் இருந்ததாகவும் தனக்கு ஒன்றும் தெரியாது என்றும் கன்செப்டா மேசையைப் பார்த்துச் சொன்னாள். டோனல் தாடையைச் சொறிந்தான். அன்றைய ஆட்டத்தில் பின்வரிசையில் நின்றவன் அவன்.

"எனக்கும் ஞாபகமில்ல. விட்டுத் தள்ளு மலாக்கி, ஒரு மார்க்தானே."

மலாக்கிக்குச் சுருக்கென்றது. ஞாபகமில்லையாமே. என் வாயாலேயே வரட்டும் என்று வேடிக்கை பார்க்கிறானா?

அந்தக் கோபத்தில் தன் முழுப்பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதினார். யாரும் பார்க்குமுன் தாளைக் கவிழ்த்துக் கொடுத்தனுப்பினார். வீட்டுக்குப் போனதும் மகளுக்கு ஃபோன் போட வேண்டும். இந்த ஊர் போதும்.

திருத்தி முடித்து வந்தபோது டீச்சரின் முகம் சரியில்லை.

தாத்தா காலத்து ஆட்டத்தின் கோல் கணக்கெல்லாம் ஒப்பிக்கிறீர்கள், இது மட்டும் தெரியவில்லையா என்று அலுத்துக்கொண்டே அவள் ஒவ்வொரு பதிலாக வாசித்தாள். முதல் மேசை: காற்று. மூன்றாம் மேசை: நடுவரின் மூக்குக்கண்ணாடி. நான்காம் மேசை: மைதானத்துக்குள் வந்த ஒரு பசுமாடு. மற்றவர்கள் எழுதவே இல்லை.

ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. எல்லோரும் அவரவர் பீர் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மலாக்கிக்கு இப்போதுதான் புரிந்தது. ஒருத்தரும் மறக்கவில்லை. இத்தனை மாதமும், வானிலை பேசியபோதும் கன்றுக்குட்டி பேசியபோதும், ஊர் மொத்தத்துக்கும் அது ஞாபகத்தில்தான் இருந்திருக்கிறது.

ஏழாம் மேசை மட்டும்தான் சரி என்றாள் டீச்சர். அவளுக்கு அவர் வெறும் பாஸ்டன்காரர். அவர்தான் கெரட்டி என்பது தெரியாது. பெயரை வாசிக்க வாயைத் திறந்தாள்.

"அந்தப் பதில் தப்பு, டீச்சரம்மா."

இரண்டாம் மேசையில் பாடர் ஊன்றுகோலைப் பிடித்து எழுந்து நின்றார். அன்றைய அணியின் பயிற்சியாளர். பந்தை மலாக்கியிடம் கொடுத்து அடிக்கச் சொன்னவர். அவர் எதிரில் வந்தால் மலாக்கி இன்றும் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவார்.

"நான் அங்கதான் நின்னேன். பந்து உள்ளதான் போச்சு. பாவம்னு நாங்கதான் கோப்பைய அவங்களுக்கே குடுத்துட்டு வந்தோம்."

செய்தித்தாளில் அப்படி இல்லையே என்று டீச்சர் திணறினாள். பேப்பர்காரன் அன்றைக்கு நல்ல போதை என்றது ஒரு குரல்.

தகராறு வந்தால் கூடம் கையைத் தூக்கி முடிவுசெய்வது இங்கே வழக்கம். பதில் தப்பு என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றாள் அவள், வேறு வழியில்லாமல்.

பாடரின் கை முதலில் போனது. பிறகு ஒவ்வொரு மேசையாக. கன்செப்டா தூக்கினாள். டோனல் தூக்கினான். பீர் ஊற்றிக்கொண்டிருந்தவன்கூடக் குழாயை மூடிவிட்டுத் தூக்கினான்.

டீச்சர் ஏழாம் மேசையைப் பார்த்தாள். பதில் எழுதியவரே ஒத்துக்கொள்ள வேண்டும், மார்க் போய்விடும், பரவாயில்லையா என்று கேட்டாள்.

எல்லாக் கைகளும் மேலேயே நின்றன. இப்போதுதான் கூடம் முழுவதும் அவரைப் பார்த்தது.

சட்டைக் கையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மலாக்கியும் கையைத் தூக்கினார்.