சேம்சைடு

"வியாழக்கிழமை ஹஜ்ஜுக்குக் கிளம்பறேன்டா ஷாத்லி. உன்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றபடி மெத்தைக் கடைக்குள் நுழைந்தார் துஹாமி.

கடைக்காரர் ஷாத்லி சட்டென்று எழுந்து நின்றார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவது வழக்கம்தான். ஆனால் இந்த மனிதர் தன்னிடம் வந்து கேட்பதாவது!

மேசையில் விரிந்து கிடந்த செய்தித்தாளை அவசரமாக மடித்து ஒரு தலையணைக்கு அடியில் செருகினார்.

"எதுக்கு ஒளிக்கறே? நானும் படிச்சுட்டேன்" என்று சிரித்தார் துஹாமி. "முதல் கோப்பை, அரையிறுதி, எண்பத்தெட்டாவது நிமிஷம், துஹாமி சேம்சைடு கோல். ஒரு எழுத்து விடாம போட்டிருக்கான்."

மத்தியதரைக்கடல் நாடுகளின் இளைஞர் கோப்பை இந்த ஆண்டு மறுபடியும் தலைநகர் துனிஸில் நடக்கிறது. எங்கே நடந்தாலும் சரி, கோப்பை தொடங்குகிறது என்றால் பத்திரிகைக்காரர்களுக்கு அதன் வரலாறு ஞாபகம் வந்துவிடும். வரலாறு என்றால் முதல் பத்தியிலேயே துஹாமி வந்துவிடுவார்.

வாசலில் மீன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போன நூரி எட்டிப் பார்த்தான்.

"என்ன ஹாஜியாரே! அங்கே ஷைத்தானுக்குக் கல் எறியும்போது குறி பார்த்து எறியுங்க. நம்ம ஆளுங்க தலையில போட்டுடப் போறீங்க!"

"உன் தலை அங்கே இருந்தா சொல்லு, தப்பாம போடறேன்!" என்றார் துஹாமி.

நூரி சிரித்தான். ஷாத்லியும் சிரித்தார். சிரித்த மறுகணமே, சீ, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று இருந்தது.

ஏனென்றால் அந்தப் பந்து பட்டது துஹாமியின் தலையில் அல்ல. ஷாத்லியின் தலையில்.

அப்போது இருவருக்கும் பதினெட்டு வயது. இந்தத் துறைமுக ஊரான பிஸெர்ட்டிலிருந்து நாட்டின் இளைஞர் அணிக்குப் போனவர்கள் அவர்கள் இரண்டே பேர்தான். நல்ல மழை. இத்தாலிக்காரன் அடித்த கார்னருக்கு இருவரும் ஒன்றாக எம்பினார்கள். பந்து ஷாத்லியின் நெற்றியில் பட்டுச் சொந்த வலைக்குள் விழுந்தது. சேறு அப்பிய சட்டையில் எண் யாருக்குத் தெரிந்தது? வானொலிக்காரர் 'ஐயோ, துஹாமி!' என்று அலறினார், நடுவரும் அதையே எழுதிக்கொண்டார்.

உடை மாற்றும் அறையில் பயிற்சியாளர் கத்தினார். "யார் தலைடா அது? வானொலியில சொல்றது நிஜமா?"

துஹாமி வாய் திறக்கவில்லை. ஷாத்லி குனிந்து, ஒழுங்காகக் கட்டியிருந்த பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடியும் கட்டினார்.

அதற்குப் பிறகு துஹாமியை எந்த அணியும் கூப்பிடவில்லை. துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலைக்குப் போனார். 'சேம்சைடு துஹாமி' என்ற பெயர் அவர் மகளின் கல்யாணப் பந்தல் வரைக்கும் வந்தது. ஷாத்லியோ இன்னும் ஆறு வருடம் ஆடினார். ஊர் இன்றைக்கும் அவரை 'கேப்டன்' என்றுதான் கூப்பிடுகிறது.

இரண்டு பேரும் ஒன்றாக எம்பினோமே, தன் தலையில்தான் பட்டது என்று துஹாமியே நம்பியிருப்பான். நாற்பத்தாறு வருடமாக ஷாத்லி தன்னைத் தேற்றிக்கொண்டது இப்படித்தான். அந்தத் தேறுதல் இப்போது உதவவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. புனிதப் பயணம் போகிறவன் எதிரில் நிற்கிறான். இன்றைக்கும் சொல்லவில்லை என்றால் இனி என்றைக்கு?

"துஹாமி... நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டா."

"நீ அப்புறம் சொல்லு. முதல்ல என்னை மன்னிச்சேன்னு சொல்லு."

அப்பாடா என்று இருந்தது ஷாத்லிக்கு. அப்படி இருந்ததை நினைத்து இன்னும் கூசினார்.

"நீ எனக்கு என்னடா கெடுதல் பண்ணினே, மன்னிக்கறதுக்கு?"

"பண்ணியிருக்கேன். சொன்னா நீ தாங்க மாட்டே. அதனாலதான் முதல்ல மன்னிப்பைக் கேட்டு வாங்கிக்கறேன்."

"சும்மா இருடா. இந்தக் கடை பத்தி எரிஞ்சப்போ என் சொந்தத் தம்பியே வரல. முதல் ஆளா ஓடி வந்தவன் நீ. சட்டை கருகற வரைக்கும் தண்ணி ஊத்தினே. உன்னைப் போய் நான் மன்னிக்கறதா?"

துஹாமியின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. "சொல்லுடா. ஒரு வார்த்தை."

"மன்னிச்சேன்டா. மனசார மன்னிச்சேன். போதுமா? நல்லபடியா போயிட்டு வா. எனக்காகவும் அங்கே ரெண்டு வார்த்தை கேளு."

துஹாமி அவரைக் கட்டிக்கொண்டார். அந்தப் பிடி விடுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று ஷாத்லி நினைத்தார். பிடி விட்டுவிட்டது. சரி, ஹஜ்ஜிலிருந்து திரும்பி வரட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று மனம் பழைய பாட்டையே பாடியது.

வாசல்படியில் செருப்பை மாட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் துஹாமி பேசினார்.

"அன்னைக்கு வாளியை அப்புறமாத்தான்டா எடுத்தேன். உன் கடை எரியறதைக் கண் குளிரப் பார்க்கணும்னுதான் முதல் ஆளா ஓடி வந்தேன். அந்தப் பந்து யார் தலையில பட்டுச்சுன்னு உனக்கு எப்போ தெரிஞ்சுதோ, அப்போவே எனக்கும் தெரியும்டா ஷாத்லி."