துடைத்த ஓரம்

மாலை வெயில் வாசல் வழியே நீண்டு வந்து பீர்க் குழாய்களின் பித்தளைப் பிடிகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தெருமுனை பாரில் இன்னும் கூட்டம் சேரவில்லை. எலக்ட்ரீஷியன் வழக்கமான உயர ஸ்டூலில் சுவர்க் கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால், சன்னலோர மேசையில், அவருடைய தம்பி. வீட்டைப் பங்கு பிரித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் இருவருமே வேறு பாருக்குப் போனதில்லை. வெந்நீரில் கழுவி அடுக்கிய கோப்பைகளின் ஆவி ஏறிக் கண்ணாடி மங்கிக் கிடக்கிறது. “அந்தக் கண்ணாடியக் கொஞ்சம் துடைங்களேன்,” என்கிறார் எலக்ட்ரீஷியன். “முழுசாவா?” என்று சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்கிறார் பார்காரர். “வலது ஓரம் மட்டும் போதும்.” ஈரத்துணி மெல்லக் கீச்சிட்டபடி ஒரு வட்டம் போடுகிறது. வட்டத்துக்குள் சன்னல் வெளிச்சம், நுரை அடங்கிய ஒரு கோப்பை, குனிந்திருக்கும் தம்பியின் நரைத்த காதோரம். “இளைச்சுட்டான்,” என்று முனகுகிறார் அண்ணன். “அதை அவர்கிட்டயே கேட்டா என்ன? வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்துடும்?” “நான் கேப்பேன். அவன் ராங்கி புடிச்சவன், என்னை ஏறெடுத்துக்கூடப் பாக்க மாட்டான்.” பார்காரர் துணியைப் பிழிந்து குழாய்மேல் போடுகிறார். “நேத்து நீங்க வர்றதுக்கு முன்னாடி, உங்க தம்பியும் இதே ஓரத்தைத்தான் துடைக்கச் சொன்னாரு.”