திறக்கக் கூடாத கண்ணாடி

அன்று வெயில் அடித்ததா, மப்பும் மந்தாரமுமாக இருந்ததா என்று இப்போது சரியாக நினைவில்லை. காரின் பின் இருக்கையில் ஒரு சின்னப் பெண் காலை ஆட்டிக்கொண்டு முறுக்குத் தின்றாள் என்பது மட்டும் நிச்சயம்.

செஞ்சியில் திண்டிவனம் சாலையில் கார் கண்ணாடிக் கடை வைத்திருந்த சாந்திராஜ், அந்தக் காரின் கூரையில் இருந்த சன்ரூஃப் கண்ணாடியை மறுபடியும் தடவிப் பார்த்தார். வண்டியை ஓட்டிவந்த ஷோபனா கைப்பையை அணைத்துக்கொண்டு அவர் வாயையே பார்த்திருந்தாள்.

"நல்லா இருக்குதும்மா. மாத்தத் தேவையில்ல" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் முகம் மலர்ந்திருக்கும். ஷோபனாவின் முகம் தொங்கிப்போயிற்று. இன்னொரு தரம் பாருங்கள், எங்கேயாவது ஒரு கீறலாவது இருக்கும் என்று கெஞ்சினாள்.

சன்ரூஃப் சொல்லாமல் கொள்ளாமல் கெட்டுப்போவது அபூர்வம். ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் கிளம்பும். சுற்றியிருக்கும் ரப்பர் காய்ந்து வெடிக்கும். மழை பெய்தால் உள்கூரைத் துணியில் டீ கொட்டினாற்போல் கறை படியும். வேகமெடுத்தால் காற்று விசில் அடிக்கும்.

சாந்திராஜ் விளிம்பு முழுக்க நகத்தை ஓட்டினார். டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பார்த்தார். ஒரு குடம் தண்ணீரை மேலே ஊற்றிவிட்டு, உள்ளே போய் அண்ணாந்து உட்கார்ந்தார். ஒரு சொட்டு இறங்கவில்லை. ஸ்விட்சைத் தட்டினால் கண்ணாடி எண்ணெய் போட்டாற்போல் திறந்து மூடியது. பின் இருக்கை உறையில் மட்டும் அகலமாக ஒரு செருப்புத் தடம் பதிந்திருந்தது. கண்ணாடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விட்டுவிட்டார்.

வெளியே ஓட்டுக் கேட்டு ஒரு ஆட்டோ மைக்கில் அலறிக்கொண்டு போனது. அது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பும்வரை இருவரும் பேசவில்லை. பிறகு ஷோபனா குரலைத் தாழ்த்தினாள்.

"தொறந்தா போதும்ண்ணா. சீட்டு மேல ஏறி நின்னுக்கினு பாதி ஒடம்பு வெளிய. போறவங்க வர்றவங்களுக்கெல்லாம் கைய ஆட்டறது. நான் வண்டி ஓட்டறதா, மேல பாக்கறதா?"

முந்தாநாள் சிங்கவரம் போகிற வழியில், தாழத் தொங்கிய கேபிள் வயர் கழுத்தை உரசிவிட்டதாம். இவள் பிரேக் போட்டதால் தப்பித்ததாம்.

சாந்திராஜ் பின் இருக்கையைப் பார்த்தார். முறுக்கை நிறுத்தாமலே சிறுமி அவரைப் பார்த்துச் சிரித்தாள். முன்பல் விழுந்திருந்தது.

"வூட்டுக்காரரு ஒண்ணும் சொல்றதில்லியா?"

"அவருக்கு அதுலதாண்ணா சந்தோஷமே. நான் சொன்னா நம்ப மாட்டாரு. கண்ணாடி போச்சு, மாத்தற வரைக்கும் தொறக்கவே கூடாதுன்னு நீங்களே போன்ல சொல்லிடுங்க."

சாந்திராஜ் டார்ச்சை எடுத்து அதன் இடத்தில் வைத்தார். அவர் மேல்சித்தாமூர்க்காரர். பொய் சொல்வதில்லை என்று இளம் வயதிலேயே அங்குள்ள சமண மடத்தில் விரதம் எடுத்துக்கொண்டவர். வியாபாரத்துக்கு ஆகாத விரதம் என்று அவர் மனைவியே கிண்டல் செய்வாள். ஆனால் சாந்திராஜ் மாற்ற வேண்டும் என்றால் மாற்ற வேண்டும், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று வட்டாரம் முழுக்கப் பேர். அந்தப் பேரில்தான் கடையே ஓடியது. நல்ல கண்ணாடியை உடைந்தது என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அப்புறம் அந்த வாய்க்கு என்ன மரியாதை?

கடை வாசலில் போய் நின்றார். தூரத்தில் ராஜகிரி மலை பேசாமல் நின்றது. இவரும் பேசாமல் நின்றார். கண்ணை மூடினால் வயர் வந்தது. வயருக்கு அடியில் முன்பல் இல்லாத ஒரு சிரிப்பு வந்தது.

கொல்லாமைதான் முதல் விரதம், பொய்யாமை அதற்கு அடுத்தது என்று மெல்லத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உள்ளே வந்தார்.

"நம்பரப் போடும்மா" என்றார்.

ஷோபனாவின் கணவன் எழிலரசன் எடுத்தான். அவனைச் சுற்றி ஒரே கூட்டச் சத்தம். சாந்திராஜ் விரதம் எடுத்த பிறகு முதல் பொய்யைச் சொன்னார். கண்ணாடி ஓரத்தில் விரிசல் விட்டிருக்கிறது, திறந்தால் தலைமேலேயே கொட்டிவிடும், புதுசு சென்னையிலிருந்து வரவேண்டும், ஒரு மாசமாவது ஆகும், அதுவரை ஸ்விட்சைத் தொடவே கூடாது. இவ்வளவு கோவையாகப் பொய் வந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"ஒரு மாசமா?" என்றான் எழிலரசன். அவன் குரலில் சுரத்தே இல்லை. மகள்மேல் எவ்வளவு பிரியம் பாவம் என்று சாந்திராஜுக்கு மனசு இளகியது.

"புள்ளயோட உசுரு முக்கியம் தம்பி" என்றார்.

"புள்ள அது பாட்டுக்கு பெல்ட்டு போட்டுக்கினு உக்காந்திருக்கும். நான் எங்கண்ணா நின்னு ஓட்டு கேக்கறது?"