மாற்றிக்கொண்ட நோயாளிகள்

அந்தக் காய்ச்சல் நோயாளியிடமிருந்து அவருடைய சொந்தத் தீவுக்காரர்களுக்கு மட்டுமே தொற்றியது. அதனால் சின்னத் தீவு நாடுகள் தங்கள் நோயாளிகளை மாற்றிக்கொண்டன. தவமலரின் கணவர் சிவனேசன் அயல் தீவில் ஷிஃபானாவின் வீட்டுக்குப் போனார். ஷிஃபானாவின் கணவர் ஆதம் தவமலரின் வீட்டுக்கு வந்தார்.

ஒரு காலை ஷிஃபானா தொலைபேசியில் அழைத்து, சிவனேசன் இறந்துவிட்டதாக அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னாள்.

“கடைசிவரை ஒன்றையே சொன்னார். எனக்குப் புரியவில்லை.” பிறகு, காதில் விழுந்த தமிழை அப்படியே ஒப்பித்தாள். “இஞ்சேரும், யன்னலைப் பூட்டும். குளிருது.”

தவமலரை ‘இஞ்சேரும்’ என்று கூப்பிடும் சிவனேசனின் இழுவைகூட அதில் இருந்தது.

“என்ன கேட்டார்?” என்றாள் ஷிஃபானா.

“ஒன்றும் கேட்கவில்லை. உங்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறார்.”

உள்ளறையில் ஆதமும் நேற்றிலிருந்து ஏதோ முனகிக்கொண்டிருந்தார். தவமலர் தொலைபேசியை அவர் வாயருகே பிடித்தாள். ஷிஃபானா இன்னொரு தரம் பிடிக்கச் சொல்லிக் கேட்டாள்.

“என்ன சொல்கிறார்?”

“உங்களுக்கு நன்றி சொல்கிறார்.”

மெய்தானா என்று கேட்கத் தவமலருக்கு வாய் வரவில்லை. ஆதமுக்கு இன்னொரு போர்வை போர்த்தினாள். பிறகு அதை எடுத்துவிட்டாள். தண்ணீர் கொடுத்தாள், அவர் குடிக்கவில்லை.

“என்ன வேணும், சொல்லுங்கோ,” என்றாள்.

ஆதம் அதையே திரும்பவும் சொன்னார்.