டீச்சர் விளையாட்டு

இரண்டாம் வகுப்பு சஹானாவுக்கு அந்த வாரம் வீட்டில் செய்யச் சொல்லிப் பள்ளி கொடுத்தது டீச்சர் விளையாட்டு. குழந்தை டீச்சர், பெற்றோர் மாணவர். அதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும்.

அம்மா ப்ரீத்தி போனைச் சாய்த்து வைத்துவிட்டு, தினமும் அவளுக்குக் கணக்கு சொல்லித் தரும் மேஜை அருகே தரையில் உட்கார்ந்தாள். சஹானா தோசைக் கரண்டியோடு எதிரே நின்றாள்.

"ஏழும் எட்டும் எவ்வளவு?"

வேண்டுமென்றே தப்பாக, "பதினாறு" என்றாள் ப்ரீத்தி.

கரண்டி மேஜையில் ஓங்கி விழுந்தது. "மண்டைல களிமண்ணா இருக்கு? எத்தன தடவ சொல்லிக் குடுக்கறது? நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு."

ப்ரீத்திக்குச் சிரிப்பு நின்றுபோனது. "உங்க மிஸ் இப்படித்தான் திட்டுவாங்களா கண்ணு?"

சஹானா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலை குனிந்துகொண்டாள்.

அது போதுமாக இருந்தது. மறுநாள் காலை ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, ஔந்த் பகுதியில் இருக்கும் பள்ளிக்குப் போனாள். குல்கர்ணி மிஸ் முன்னால் போனை நீட்டினாள்.

"ஏழு வயதுக் குழந்தையிடம் பேசுகிற பேச்சா இது? உங்களைப் பார்த்துத்தான் இவள் கற்றுக்கொண்டிருக்கிறாள். நான் பிரின்சிபாலிடம் போகப்போகிறேன்."

மிஸ் வீடியோவை முழுதாகப் பார்த்தார். இன்னொரு முறையும் ஓட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபமில்லை, குழப்பம்தான் இருந்தது.

"குழந்தை கோபமாக இருப்பது புரிகிறது. என்ன சொல்கிறாள் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், மேடம்," என்றார், அவளைப் போலவே இந்தியில். "எனக்குத் தமிழில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது."

ப்ரீத்தி போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"கணக்கு சொல்லித் தருகிறாள்," என்றாள், நிமிராமல்.