முதல் வாய்த் தண்ணீர்

ஊரின் மேட்டுப் பகுதிக்கு வந்த புதுக் குழாய், திறப்பு விழாவில் இரண்டு முறை செருமிவிட்டுத் தண்ணீரைப் பீய்ச்சுகிறது. ஆண்டீஸ் மலையில் பனி உருகி வந்த தண்ணீர் வெயிலில் மின்னுகிறது. மேயர் ஃபோர்த்துனாத்தோ ஆசை தாங்காமல் தோள்பட்டை நனையக் குனிந்து ஒரு வாய் பிடித்துவிடுகிறார். பேண்டு வாத்தியம் சட்டென்று நின்றுபோகிறது. "முழுங்கிடாத தம்பி! முதல் வாய் பூமித்தாய்க்கு!" என்று கத்துகிறாள் கவுன்சிலர் எவுசேபியா, மேயர் தேர்தலில் அவரிடம் தோற்றவள். மேயரின் கன்னங்கள் உப்பி நிற்கின்றன, பல் கூசுகிறது. விழுங்கினால் தண்ணீர் தரும் மலை ஊற்று கோபித்துக்கொள்ளும். துப்பினாலோ மண்ணுக்கு அவமரியாதை. சிரிப்பை அடக்க ஒருத்தி சால்வையை வாயில் திணித்துக்கொள்கிறாள். முதுகில் கம்பளி மூட்டையோடு நிற்கும் லாமா மிருகம்கூட அவரையே பார்க்கிறது. அவர் மெல்ல மண்டியிட்டு, தொப்பியைக் கழற்றி, குழந்தைக்குப் புகட்டுவதுபோல அந்தத் தண்ணீரை மண்ணில் வடிய விடுகிறார். காய்ந்த மண் சத்தமில்லாமல் உறிஞ்சிக்கொள்கிறது. "குடிச்சிட்டா பூமித்தாய்!" என்று யாரோ கூவ, முரசு அதிர, பெண்களின் பாவாடைகள் குடைகளாகச் சுழல்கின்றன. எவுசேபியா ஒரு குவளை பிடித்து அவரிடம் நீட்டுகிறாள். "இப்பக் குடி தம்பி. எங்க மேட்டுல ஒருத்தர்கூட உனக்கு ஓட்டுப் போடல. ஆனா சொன்ன மாதிரி தண்ணி கொண்டாந்துட்டியே, இனி உன்ன என்னன்னு சொல்லித் திட்டுறது?"